மீன் ஹலால்தான், சட்டியில் ஊற்றியது என்ன?

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை உண்டு. ஊரிலிருந்து விசிட் விசாவில் வரும் வாப்பாவையும் உம்மாவையும் ஒரு நாளாவது பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போய் சாப்பிட வைக்க வேண்டும். நல்ல ஆசை. எங்கே போவது என்று பேச்சு வரும்போது, "கறி என்றால்தானே ஹலாலா என்று கேட்கணும், மீன் என்றால் கவலை இல்லையே" என்று கடலுணவகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அதிலும் இத்தாலியக் கடலுணவகங்களுக்கு இப்போது தனி மவுசு.

துபாயின் புர்ஜ் அல் அரப் ஹோட்டலில் உள்ள அல் மஹாரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மஹாரா என்றால் அரபியில் சிப்பி. 1999 இறுதியில் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலில், தரையிலிருந்து கூரைவரை எழும்பிய பிரம்மாண்ட மீன் தொட்டியைச் சுற்றி மேசைகள் போட்டிருக்கும். (தொட்டியில் நீந்துபவை பார்ப்பதற்கு மட்டும், சமைப்பதற்கு அல்ல.) நெடுங்காலம் கடலுணவுக்கென்றே பெயர் பெற்றிருந்த அந்த இடத்திற்கு, 2023-இல் இத்தாலியின் காப்ரித் தீவில் உள்ள லொலிவோ என்ற உணவகத்தின் சமையல் வந்து சேர்ந்தது. இதுபோன்ற இடங்கள் இன்று எல்லாப் பெருநகரங்களிலும் உள்ளன. அங்கே போகலாமா, போனால் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் மீன். கடலில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆவது வசனத்தில் காண்கிறோம். மீனை அறுக்க வேண்டியதில்லை, பிடித்தவர் யார் என்று கேட்க வேண்டியதுமில்லை. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற 300 பேர் கொண்ட படை, உணவு தீர்ந்து இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தபோது, அன்பர் என்னும் மலை போன்ற கடல்பிராணி கரையில் ஒதுங்கிக் கிடந்ததையும், பல நாள்கள் அதையே அவர்கள் உண்டதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. மதீனா திரும்பியபின் நபி (ஸல்) அவர்களும் அதில் மிச்சமிருந்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இத்தாலியன் பிடித்தாலும் நார்வேக்காரன் பிடித்தாலும் மீன் மீன்தான்.

ஆனால் 'கடலுணவு' என்ற சொல்லுக்குள் மீன் மட்டும் இல்லை. இங்கேதான் நம் வீடுகளுக்குள்ளேயே வேறுபாடு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹப். அவர்களுக்குக் கடலில் மட்டுமே வாழும் பிராணிகள் பொதுவாக ஆகுமானவை. கணவாய், இறால், மட்டி எல்லாம் சாப்பிடலாம். நண்டு விஷயத்தில் மட்டும் ஷாஃபிஈ நூல்களிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் நீர்ப்பிராணிகளில் மீன் மட்டுமே அனுமதி. கணவாய், நண்டு, மட்டி, சிப்பி, பேய்க்கணவாய் எதுவும் கூடாது. இறால் மீன் இனத்தில் சேருமா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே பேச்சு உண்டு, அனுமதித்தவர்கள் பலர். காயல் மாப்பிள்ளைக்கு உள்நாட்டு ராவுத்தர் வீட்டில் பெண் எடுத்த குடும்பம் ஒன்றாக உட்காரும்போது, நடுவில் வைக்கும் ஒரே பெரிய கடலுணவுத் தட்டு எல்லோருக்கும் பொருந்தாமல் போகலாம். மச்சான் வாங்கித் தருகிறாரே என்று சங்கடப்பட்டு மாமியார் வாய்க்குள் போடும் நிலை வரக் கூடாது. தனித்தனித் தட்டுகளாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இனி முக்கியமான விஷயம். இத்தாலியக் கடலோரச் சமையலில் வெள்ளைத் திராட்சை மது, நாம் புளி சேர்ப்பது போல. கேட்காமலே ஊற்றுவார்கள். மட்டி போட்ட ஸ்பகெட்டி வோங்கொலே எப்படிச் செய்கிறார்கள்? ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதங்கியதும் மட்டியைக் கொட்டி, ஒரு கோப்பை மதுவை ஊற்றி மூடுகிறார்கள். அந்த ஆவியில்தான் ஓடு திறக்கிறது. கடலுணவு ரிசோட்டோவில் அரிசியை வறுத்தவுடன் முதலில் ஊற்றுவதே மது, அதன் பிறகுதான் மீன் சாறு. மீன் சூப்பிலும், சிப்பி வகைகளிலும், சில இடங்களில் தக்காளியோடு நீரில் வேகும் மீனிலும் அதுவே. இறாலையும் கணவாயையும் மாவில் தோய்த்துப் பொரிக்கும் தட்டில் மாவைப் பீரில் கரைக்கும் வழக்கமும் சில சமையலறைகளில் உண்டு.

"சூட்டில் ஆவியாகிப் போய்விடுமே" என்று பரிமாறுபவர் சொல்வார். நம்மில் சிலரும் சொல்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மது சேர்த்துக் கலக்கி 15 நிமிடம் கொதித்த உணவில் சேர்த்த ஆல்கஹாலில் 40 சதவீதம் மிஞ்சுகிறது. 30 நிமிடத்தில் 35, ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் போவதில்லை. மேசையருகே தீப்பற்ற வைத்துக் காட்டும் வித்தையில் 75 சதவீதம் அப்படியே இருக்கிறது. மட்டி ஸ்பகெட்டி சில நிமிடச் சமையல், கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். முழுவதும் ஆவியானாலும் நமக்குப் பதில் மாறாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துப்படி மது நஜீஸ். நஜீஸைக் கலந்து சமைத்த உணவு, வாசனை போய்விட்டதால் சுத்தமாகிவிடாது. தானாகவே காடியாக மாறிவிட்ட மதுவின் சட்டம் வேறு. காடி நல்ல குழம்பு என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது முஸ்லிமில் உள்ளது.

இனிப்பில்தான் பலரும் கவனம் தவறுகிறோம். பிள்ளைகள் கேட்கும் தீராமிசுவில் மார்சாலா மதுவோ ரம்மோ சேர்ப்பது பரவலான வழக்கம். பாபா என்னும் நேப்பிள்ஸ் கேக்கை ரம் பாகிலேயே ஊற வைக்கிறார்கள். பன்னா கோட்டா உறைவதற்கு ஜெலட்டின் போடுகிறார்கள், அது எந்தப் பிராணியுடையது என்று கேட்க வேண்டும். பாலாடைக் கட்டியில் பார்மிஜானோ ரெஜானோவுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் விதிப்படி கட்டாயம். அறுப்பு முறை தெரியாத கன்றின் உறைபொருளை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதிக்கிறார்கள், ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி இல்லை. நல்லவேளை, கடலுணவுப் பாஸ்தாவில் பாலாடைக் கட்டி தூவுவதை இத்தாலியர்களே குற்றமாக நினைக்கிறார்கள்.

அப்படியானால் சாப்பிட என்னதான் இருக்கிறது என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. முழு மீனைக் கல்லுப்பில் புதைத்து அடுப்பில் வேகவைத்து, மேசையில் உப்பு ஓட்டை உடைத்துத் தருவார்கள். உப்பும் மீனும் தவிர வேறொன்றும் அதிகம் சேராது. பிரான்சினோ என்னும் மத்தியதரைக் கடல் மீனுக்கு நம் கொடுவாயைப் போல வெள்ளைச் சதை. அதை ஆலிவ் எண்ணெய், எலுமிச்சையோடு சுட்டுத் தரச் சொல்லலாம். முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. சிசிலியின் திராபனி நகரில் மீன் குழம்போடு குஸ்குஸ் சாப்பிடுகிறார்கள். 827-இல் முஸ்லிம்கள் அந்தத் தீவில் இறங்கி, 1091-க்குள் ஆட்சி கைமாறிய பிறகும் அடுப்பில் மிஞ்சிய நினைவு அது. பாலர்மோவுக்கு அருகே திராபியா என்ற ஊரில் இத்ரிய்யா என்னும் உலர்ந்த மாவுப்பண்டம் செய்து முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பலேற்றியதை 1154-இல் முடித்த தம் நூலில் அல் இத்ரீஸி எழுதியிருக்கிறார். பாஸ்தாவின் வரலாற்றில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சான்று இது. அந்தச் சமையல் நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல.

துபாயில் உணவுப் பட்டியலைப் படிப்பது கொஞ்சம் எளிது. மது சேர்த்த உணவுக்கு 'ஏ' என்றும், பன்றி சேர்த்ததற்கு 'பி' என்றும் பக்கத்தில் எழுத்துப் போடுவது அங்கே வழக்கம். எழுத்து இல்லையென்றாலும் கேட்பதே நல்லது. கேட்கும் விதமும் முக்கியம். "இது ஹலாலா?" என்றால் "ஆமாம் சார், மீன்தான்" என்ற பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வி அப்படி. "சாஸில், சாற்றில், மாவில் ஒயின், பீர், வேறு மது ஏதாவது உண்டா? பன்றிக் கொழுப்பு உண்டா? அதே தட்டில் சுட்டீர்களா?" என்று கேட்டால் அவர் சமையலறைக்குப் போய்க் கேட்டு வருவார். பெரிய ஹோட்டல்களில் ஒவ்வாமை பற்றித் தினமும் விசாரிக்கிறார்கள், இதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? நம் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்பதைப் பார்த்தால் நாளைக்கு நண்பர்களோடு போகும்போது அவர்களும் கேட்பார்கள்.

உட்காரும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மது பரிமாறப்படும் உணவு விரிப்பில் உட்கார வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது. நம் மேசைக்கு மது வரக் கூடாது என்பதில் பேச்சே இல்லை. அலுவலக விருந்தில் சக ஊழியர்கள் வரவழைத்தால் எழுந்து வேறு மேசைக்குப் போவதே சரி. அதே கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் குடிக்கிறார் என்றால் என்ன செய்வது? பேணுதலான ஆலிம்கள் அத்தகைய இடத்தையே தவிர்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கும் அதுவே மனதுக்கு உவப்பு, வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துப் போகும் நாளில் குறிப்பாக. மது பரிமாறாத நல்ல கடலுணவகங்களுக்குத் துபாயில் பஞ்சமில்லை, மீன் தொட்டியின் பிரமிப்பு மட்டும்தான் இருக்காது.

கடைசியாகப் பில். சிங்கி இறாலும் முழு மீனும் எடைக்கு விலை. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ உரிய தொகை. தூக்கிக் காட்டும்போதே மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். துபாய் ஹோட்டல் விலைக்குள் 10 சதவீதச் சேவைக் கட்டணம், 7 சதவீத நகராட்சிக் கட்டணம், 5 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். பெற்றோருக்காகச் செலவழிப்பது வீண் விரயம் ஆகாது. ஐந்து பேருக்கு ஒன்பது தட்டு வரவழைத்துப் படம் எடுத்துவிட்டு மீதியை விட்டு வருவது விரயம்தான். மேசைக்குப் பதிவு செய்யப் போன் போடும்போதே மது சேராத சமையல் வேண்டும், ஒதுக்குப்புறமான இடம் வேண்டும் என்று இரண்டையும் சொல்லிவிட்டால், சமையலறைக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். மதுவுக்குப் பதில் எலுமிச்சையும் மீன் சாறும் ஊற்றி அதே மட்டி ஸ்பகெட்டியைச் செய்து தரவும் அவர்களுக்குத் தெரியும்.