யன்னலோரத்துப் பட்டிப்பூ

2010ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது, இடிந்து கிடந்த எங்கள் வீட்டுப் படியோரம் ஒரு பட்டிப்பூச் செடி பூத்து நின்றது. நட்டவரும் இல்லை, தண்ணீர் ஊற்றியவரும் இல்லை. அதனடியில் முளைத்திருந்த கன்றொன்றைப் பால்மா ரின்னில் நட்டு, நாங்கள் தங்கியிருந்த அக்கா வீட்டு யன்னலோரம் வைத்தேன்.

ஆசையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சில நாட்களில் இலைகள் மஞ்சளாகித் தண்டு அடியோடு அழுகிவிட்டது. அன்று அழுதேன். "அது வெய்யிலிலும் மணலிலும் வளர்ந்தது. நீ தண்ணீரிலை தாட்டுப்போட்டாய்" என்றா அக்கா.

அடுத்த கன்றுக்கு ரின்னின் அடியில் நான்கு துளைகள் இட்டேன். மணலும் தோட்டமண்ணும் சம அளவு, ஒரு பிடி உக்கிய மாட்டெரு. ஓரங்குலம் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நாலைந்து மணி நேரமாவது வெயில் விழும் யன்னல் வேண்டும். வெயில் போதாவிட்டால் செடி நெடுத்துவிடும், பூ குறையும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ நிறையும்.

சகோதரிகளே, ஒன்றை மறக்காதீர்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டீன் மருந்து இச்செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் செடி நஞ்சுள்ளது. சீனி வருத்தத்துக்கென்று இலையை அவித்துக் குடிக்காதீர்கள். சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இப்போது எங்கள் சொந்த வீட்டு யன்னலில் அது பூக்கிறது. ஆசை குறையவில்லை. ஆனால் தண்ணீர்ச் செம்பை எடுக்குமுன் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன்.