உள்ளிருந்தவர்களே அழித்த கோட்டை

லாத்வியா நாட்டில், டௌகவா ஆறும் பெர்சே ஆறும் கூடும் இடத்தில், தண்ணீரை ஒட்டி இடிந்த கற்சுவர்கள் நிற்கின்றன. அதுதான் கோக்னேசே கோட்டை. இதை இருமுறை அழித்தவர்கள் யார் தெரியுமா, இளையோரே? உள்ளே இருந்தவர்களே!

முதலில் இங்கே மேட்டின்மேல் மரக்கோட்டை ஒன்று இருந்தது. அதை ஆண்ட சிற்றரசர் வெட்செக்கே, லித்துவேனியர்களின் தாக்குதலுக்கு அஞ்சி, ரீகா நகரின் பேராயர் ஆல்பர்ட்டிடம் பாதுகாப்புக் கேட்டார். அதற்கு ஈடாகத் தம் நிலத்தில் பாதியைத் தர முன்வந்தார். ஆனால் உதவிக்கு வந்த ஜெர்மானியரோடு நட்பு நிலைக்கவில்லை. 1208-இல் அவர்களில் பலரைக் கொன்று, கோட்டைக்குத் தாமே தீ வைத்துவிட்டு, கிழக்கே ரஷ்யர் நாட்டுக்குப் போய்விட்டார்.

மறு ஆண்டே ஆல்பர்ட் அங்கே கற்கோட்டை எழுப்பத் தொடங்கினார். சிலுவையோடு வாளும் அங்கே வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கோட்டையை அடுத்த ஊர் ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து செழித்தது.

1701-இல் சுவீடன் படை நெருங்கியபோது, காவலிருந்த சாக்சனி வீரர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. 1965-இல் கீழே அணை கட்டப்பட்டபோது நீர்மட்டம் உயர்ந்தது. உயரத்தில் நின்ற சுவர்களின் அடியை இன்று ஆறு தொடுகிறது.

எனக்கில்லாதது யாருக்கும் கிடைக்கக்கூடாது என்ற ஒரே எண்ணம், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இருமுறை! நண்பர்களோடு, கூடப்பிறந்தவர்களோடு, வாலிபர் ஐக்கியத்தில் மனத்தாங்கல் வரும்போது நாம் விட்டுப்போவது எதை? அடுத்தவருக்குப் பயன்படும் கோட்டையையா, சாம்பலையா?