மகளின் பெயரில் ஒரு கேலக்ஸி: வெப் தொலைநோக்கி வைத்த பரீட்சையில் தேறியது எது?

2022 ஜூலை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த முதல் படங்கள் வந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக வானியலாளர் ஸ்டீவன் ஃபிங்கெல்ஸ்டைன் குழுவினரின் கண்ணில் ஒரு மங்கலான சிவப்புப் புள்ளி பட்டது. அன்று அவருடைய மகள் மைசிக்கு ஒன்பதாவது பிறந்த நாள். புள்ளிக்கு 'மைசியின் கேலக்ஸி' என்றே பெயர் வைத்துவிட்டார் அப்பா.

கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டுக்குடும்பம். நம் சூரியன் இருப்பது பால்வீதி என்ற கேலக்ஸியில். மைசியின் கேலக்ஸியோ, பெருவெடிப்பில் பிரபஞ்சம் பிறந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது என்று முதலில் கணக்கிட்டார்கள். பிரபஞ்சத்தின் இன்றைய வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அங்கிருந்து அப்போது கிளம்பிய ஒளிதான் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

பெயர் வைப்பது சுலபம். தூரத்தை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், வரும் வழியில் ஒளியின் அலைநீளமும் இழுபட்டு நீள்கிறது. புற ஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. அதைப் பிடிக்கவே கட்டப்பட்டது வெப். தங்க முலாம் பூசிய 18 கண்ணாடிகள் சேர்ந்து 6.5 மீட்டர் அகலம். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ தள்ளி, வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு கடுங்குளிரில் வேலை செய்கிறது.

ஒரே இடத்தைப் பல ஃபில்டர்கள் போட்டுப் படமெடுப்பது முதல் வழி. மிகப் பழைய கேலக்ஸியின் ஒளியில் ஒரு பகுதியை இடையிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். அதனால் சில ஃபில்டர்களில் அது காணாமல் போய், அடுத்ததில் திடீரென முளைக்கும். எதில் முளைக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள். வேகமான வழிதான். ஆனால், சமயத்தில் ஏமாற்றிவிடும்.

மைசி இருக்கும் அதே படத்தொகுப்பில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இன்னொரு புள்ளி கிடைத்தது. பெயர் 'சியர்ஸ்-93316'. பெருவெடிப்புக்குப் பின் வெறும் 23.5 கோடி ஆண்டுகள் என்றது கணக்கு. அந்த வயதில் இருக்கக்கூடாத அளவுக்குப் பிரகாசம்! பிரபஞ்சம் வளர்ந்த கதையையே திருத்தி எழுத வேண்டுமோ என்ற கேள்வி எழுந்தது.

இரண்டும் இருப்பது சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லிக் கை காட்டுவார்களே, அதே வால்தான்.

2023 மார்ச்சில், பாப்லோ அராபல் ஹாரோ தலைமையிலான குழு இரண்டையும் வெப்பின் நிறமாலைக் கருவியில் சோதித்தது. இந்தக் கருவி ஒளியை வானவில் போலப் பிரித்துக் காட்டும். ஹைட்ரஜன், ஆக்சிஜன் என ஒவ்வொரு தனிமத்துக்கும் அதில் சொந்தமான கோடுகள் உண்டு. அவை எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதே தூரத்தின் அளவு. முகத்தைப் பார்த்து வயது சொல்வது ஃபில்டர் முறை என்றால், இது பிறப்புச் சான்றிதழையே வாங்கிப் பார்ப்பது.

மைசி தேறியது. பெருவெடிப்புக்குப் பின் 39 கோடி ஆண்டுகள். முதலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் பிந்தைய காலம், அவ்வளவுதான். சியர்ஸ்-93316 தோற்றது. அது சுமார் 120 கோடி ஆண்டுகள் ஆன பிறகான கேலக்ஸி. அதன் சூடான வாயு சில அலைநீளங்களில் மட்டும் பளீரென ஒளிர்ந்திருக்கிறது. அந்த வெளிச்சம் சரியாகச் சில ஃபில்டர்களுக்குள் விழ, தூசியும் சேர்ந்துகொள்ள, வெகு தூரத்துப் புள்ளி போல வேஷம் கட்டிவிட்டது. அபூர்வமான தற்செயல். அதை அம்பலப்படுத்தியதும், ஏமாந்துபோன அதே தொலைநோக்கிதான்.

அத்தோடு விஞ்ஞானிகளின் தலைவலி தீர்ந்ததா என்றால், இல்லை. 2024-ல் 'ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0' என்ற கேலக்ஸி நிறமாலைச் சான்றோடு வந்து நின்றது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகள்தான். ஆனால், 1,600 ஒளியாண்டுகளுக்கு மேல் அகலம், எதிர்பார்த்ததைவிட அதிகப் பிரகாசம். 2025-ல் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி அதில் ஆக்சிஜனையும் கண்டுபிடித்தது.

இதுதான் பெரிய ஆச்சர்யம். பெருவெடிப்பில் ஆக்சிஜன் பிறக்கவில்லை. நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து, அவை வெடித்துச் சாகும்போதுதான் வெளியே சிதறும். அப்படியானால், நாம் பார்க்கும் அந்தப் பழங்கால ஒளி கிளம்புவதற்கு முன்பே அங்கே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து, வாழ்ந்து, முடிந்துபோயிருக்க வேண்டும். அந்தத் தலைமுறையைத்தான் வெப் இப்போது தேடிக்கொண்டிருக்கிறது.