ஈமாக்ஸ் திருத்தியில் எக்ஸ்.எம்.எல். ஏடுகள்

மழைமானியின் அளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுத்துப் பதிவேட்டில் எழுதுவது களப் பணியாளர்களுக்குப் பழகிய வேலையாகும். பதிவேட்டில் ஒரு கோடு கோணலாக விழுந்தாலும், ஓர் எண் பக்கத்துக் கட்டத்தினுள் சற்றே நுழைந்துவிட்டாலும், படிப்பவர் அதனைப் புரிந்துகொள்வார். அதே அளவுகள் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதப்பட்டுக் கம்ப்யூட்டருக்குச் செல்லும்பொழுது இத்தகைய சலுகை கிடைப்பதில்லை. ஒரே ஒரு முடிவுக் குறி விடுபட்டாலும், அந்த ஏட்டை வழக்கம்போல் படித்துச் செல்லாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது அம்மொழியின் விதி. ஆகவே ஒரு மாதத்துப் பதிவு முழுவதும் ஒரு சிறு பிழைக்காகத் திரும்பி வந்துவிடலாம்.

எக்ஸ்.எம்.எல்., 1986ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக்கப்பட்ட எஸ்.ஜி.எம்.எல். என்னும் விரிவான மொழியைச் சுருக்கி அமைக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அதன் முதல் விதித்தொகுப்பு வெளியாயிற்று. அதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு செய்தியும் ஒரு தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே வைக்கப்படுகிறது. குறிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தமிழிலும் அமையலாம்:

<பதிவு>
  <நாள்>2024-11-05</நாள்>
  <அட்சரேகை>21.15</அட்சரேகை>
  <தீர்க்கரேகை>79.09</தீர்க்கரேகை>
  <பொழிவு>12.4</பொழிவு>
</பதிவு>

இதனை எந்தத் திருத்தியிலும் தட்டச்சு செய்துவிடலாம். ஆனால் முப்பது நாட்களுக்கு முப்பது பதிவுகள் என்று நீளும்பொழுது, எந்தக் குறி மூடப்பட்டது, எது மூடப்படவில்லை என்று கண்ணால் தேடிக் காண்பது சலிப்பூட்டும் வேலை. இங்குதான் ஈமாக்ஸ் உதவுகிறது.

ஈமாக்ஸ் 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், டெக்கோ என்னும் பழைய திருத்தியின் கட்டளைத் தொகுப்பாகத் தோன்றியது. இன்று பெரிதும் வழங்கும் க்னூ ஈமாக்ஸை ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதி 1985இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டுள்ளது. உபயோகிப்பவர் அதே மொழியில் புதிய கட்டளைகளை எழுதி, திருத்தியை மூடாமலேயே அதனுடன் சேர்த்துவிடலாம். தச்சர் தம் உளிக்குத் தாமே பிடி செதுக்கிக்கொள்வதைப் போன்றது இது. பொருள் செலவு ஏதும் இல்லை.

இவ்வாறு சேர்ந்தவற்றுள் ஒன்றே என்-எக்ஸ்.எம்.எல். முறை. இதனை ஆக்கியவர் ஜேம்ஸ் கிளார்க். எக்ஸ்.எம்.எல். மொழியை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவரும் அவரே. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 23ஆம் பதிப்பிலிருந்து இம்முறை ஈமாக்ஸுடனேயே கிடைக்கிறது. இதன் சிறப்பு யாதெனில், ஏட்டை எழுதி முடித்த பின்னர் சோதிப்பதன்று. எழுதும்பொழுதே, விரல்கள் ஓய்ந்திருக்கும் சிறு இடைவெளிகளில் சோதித்துக்கொண்டே வருவதாகும். பிழையான இடத்தின் அடியில் சிவப்புக் கோடு தோன்றும். சுட்டியை அவ்விடத்திற்குக் கொண்டுசென்றால் பிழையின் காரணம் திரையின் அடியில் காட்டப்படும். கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சி, பின்பு என் என்னும் விசைகளைத் தட்டினால் அடுத்த பிழைக்குச் சென்றுவிடலாம். என் என்பதற்குப் பதிலாக எஃப் விசையைத் தட்டினால், திறந்திருக்கும் உறுப்பின் முடிவுக் குறியை ஈமாக்ஸே எழுதிவிடும். முடிவுக் குறிகளைக் கையால் தட்டச்சு செய்யும் பழக்கத்தை விட்டுவிடுவதே நலம்.

தமிழில் பெயரிடுவோர் இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். ‘பொழிவு’ என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சேமிக்கக்கூடும்: ஒரே குறியெண்ணாகவோ, கொம்பு ஒன்று கால் ஒன்று என இரு குறியெண்களாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் எக்ஸ்.எம்.எல். விதிப்படி இவை வெவ்வேறு பெயர்கள். ஒருவர் எழுதிய தொடக்கக் குறியை மற்றொருவர் வேறு முறையில் தட்டச்சு செய்து மூடினால், எத்தனை முறை படித்தாலும் பிழை கண்ணில் படாது. சிவப்புக் கோடு மட்டுமே அதனைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தின் மீது சுட்டியை வைத்துக் கண்ட்ரோல்-எக்ஸ், பின்பு சமக் குறி ஆகியவற்றைத் தட்டினால், அங்குள்ள எழுத்தின் குறியெண் தெரியவரும்.

குறிகள் சரியாக மூடப்பட்டிருப்பது ஒன்று. எந்த உறுப்பு எங்கே வரவேண்டும் என்பது வேறு. பின்னதைச் சொல்வது ஸ்கீமா எனப்படும் விதி ஏடு. என்-எக்ஸ்.எம்.எல். முறை ஏற்கும் விதி ஏடுகள் ரிலாக்ஸ் என்.ஜி. என்னும் மொழியின் சுருக்க வடிவில் எழுதப்படுகின்றன. கிளார்க்கும் ஜப்பானியரான முராத்தா மக்கோத்தோவும் வகுத்த இம்மொழி 2003இல் சர்வதேசத் தரமாயிற்று. கண்ட்ரோலுடன் சி, எஸ், எஃப் என்று தட்டி விதி ஏட்டின் பெயரைக் கொடுத்தால், அது முதல் ஒவ்வொரு உறுப்பும் அதனுடன் ஒப்பிடப்படும். குறியின் பெயரைப் பாதி எழுதிவிட்டுக் கண்ட்ரோலும் மெட்டாவும் சேர்த்து ஐ விசையைத் தட்டினால், அவ்விடத்தில் விதி அனுமதிக்கும் பெயரே நிரப்பப்படும்.

விதி ஏடு ஒன்றும் கொடுக்கப்படாதபொழுது, குறிகள் ஒழுங்காக மூடப்பட்டிருந்தாலே போதும், அடிவரியில் ‘வேலிட்’ என்று ஈமாக்ஸ் காட்டிவிடும். புதியவர்கள் பலர் இதனைக் கண்டு ஏமாறுவர். கண்ட்ரோலுடன் சி, எஸ், டபிள்யூ தட்டி எந்த விதி நடப்பில் உள்ளது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதி ஏட்டினால் விளையும் பயனுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் நல்ல உதாரணம். பேச்சிலும் பாடநூலிலும் அட்சரேகை முதலில் வரும். தேசப்படங்களுக்கு வழங்கும் கே.எம்.எல். என்னும் எக்ஸ்.எம்.எல். வகையிலோ தீர்க்கரேகையே முதலில் வரவேண்டும். அவ்வகை ஏட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதும்பொழுது இடம் மாறிப்போவது சகஜம். நாகபுரியின் எண்கள் இவ்வாறு மாறினால் மழைமானி வடதுருவக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திற்குப் போய்விடும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் அத்தீவுகளில் இருப்பது உண்மையே. ஆனால் நாகபுரியின் மழையை அங்கே பதிவு செய்ய இயலாது. இந்தியாவின் நிலப்பகுதி முழுவதும், அந்தமான் நிகோபார் தீவுகள் உட்பட, அட்சரேகை 6க்கும் 38க்கும் இடையிலும், தீர்க்கரேகை 68க்கும் 98க்கும் இடையிலும் அடங்கிவிடுகிறது. இரு எல்லைகளும் எங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே இவ்வெல்லைகளை விதி ஏட்டில் எழுதிவிட்டால், நம் நாட்டு நிலையம் எதுவாயினும், எண்கள் இடம் மாறிய கணமே சிவப்புக் கோடு விழும்.

பழைய பதிவேட்டு வரிகளை இவ்வடிவத்திற்கு மாற்றவும் ஒரு வழி உண்டு. எஃப்3 விசையைத் தட்டி, ஒரு வரிக்குக் குறிகளைச் சேர்த்துக் காட்டி, எஃப்4 விசையைத் தட்டினால், செய்த செயல்கள் அனைத்தையும் ஈமாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் எஃப்4 ஒவ்வொரு முறையும் அடுத்த வரிக்கு அதையே செய்யும். ஏதேனும் ஒரு வரியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் குறிகள் இடம் பெயர்ந்துவிடும்; அதையும் சிவப்புக் கோட்டினாலேயே அறியலாம்.

எனினும் 12.4 என்பதை 21.4 என்று எழுதினால் ஈமாக்ஸ் ஒன்றும் சொல்லாது; இரண்டும் செல்லத்தக்க எண்களே. இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. மழை பெய்யாத நாளும், அளவு எடுக்கப்படாத நாளும் ஒன்றல்ல. முன்னதற்கு 0 எழுத வேண்டும். பின்னதற்கு எண்ணே கிடையாது. விதி ஏடு பொழிவில் எண் ஒன்றைக் கட்டாயமாகக் கேட்குமானால், அளவு எடுக்காத நாளில் பணியாளர் என்ன செய்வார்? சிவப்புக் கோடு மறையவேண்டும் என்பதற்காக 0 என்று எழுதிவிடுவார். ஏடு ஒழுங்காகச் சென்று சேரும். கணக்கில் இல்லாத வறட்சி ஒன்று சேர்ந்துவிடும். இக்குற்றம் பணியாளரைவிட விதியை வகுத்தவரையே சாரும். எண் அல்லது ‘பதிவில்லை’ என்னும் சொல், இரண்டில் ஒன்று என்று எழுத ரிலாக்ஸ் என்.ஜி. மொழியில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு போதும்.

விதி ஏட்டைத் தாமே எழுதத் தயங்குவோர், கிளார்க் எழுதிய டிராங் என்னும் மற்றொரு செயல்நிரலைத் தனியே பெற்றுக்கொள்ளலாம். மாதிரி ஏடுகள் சிலவற்றைக் கொடுத்தால் அவற்றிலிருந்தே ஒரு விதியை அது ஊகித்துத் தரும். மாதிரியில் காணாததை அவ்விதி அறியாது. எனவே மாதிரிக்கு ஏடுகளைத் தெரிந்தெடுக்கும்பொழுது, எல்லாக் கட்டங்களும் அழகாக நிரம்பிய மாதத்தை மட்டும் எடுக்காமல், மழைமானி பழுதாகிக் கிடந்த ஒரு மாதத்தின் ஏட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.