ரயிலுக்குக் கொட்டகை உண்டு, காருக்குத் தெருவா?

"இங்கு அரசியல் பேசக்கூடாது!"

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தொங்கிய பலகை இது. பலகை தொங்கியது, பேச்சு நின்றதா? நிற்கவில்லை! பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பேசினார்கள். பேசிப் பேசியே ஆட்சியை மாற்றினார்கள்.

இன்று அண்ணனூரில் அந்தப் பலகை தேவையில்லை. மாலை ரயிலை விட்டு இறங்கியவர்கள் தேநீர்க் கடை வாயிலில் கூடும்போது எழும் பேச்சே வேறு. "என் வாசலில் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டான்" என்கிறார் ஒருவர். "தெரு என்ன உங்க அப்பா வாங்கிப் போட்டதா?" என்று சீறுகிறார் அடுத்தவர். மூன்றாமவர் சமாதானத் தூதர்; "விடுங்கண்ணே, இதிலே அரசியல் வேண்டாம்" என்கிறார்.

வேண்டாமாம்! தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அரசியல் இல்லையென்றால், வேறு எதில்தான் இருக்கிறது அரசியல்?

அண்ணனூர் பெரிய பட்டணமல்ல. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் தடத்தில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு நிலையம். 1856 ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே, அந்தத் தடம் இது. இங்கே மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை ஒன்று இருக்கிறது. மக்கள் அதைக் 'கார் ஷெட்' என்கிறார்கள். நாளெல்லாம் ஓடிக் களைத்த ரயில் எங்கே போகிறது? கொட்டகைக்குப் போகிறது. வழியிலேயே நின்று, பின்னால் வரும் ரயிலைப் பார்த்து, "முடிந்தால் சுற்றிக்கொண்டு போ" என்று சொல்வதில்லை!

ஆக, அண்ணனூரில் ரயிலுக்கே கார் ஷெட் உண்டு. காருக்குத்தான் ஷெட் இல்லை. காரின் கொட்டகை, தெரு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புறநகரில் மனை பிரித்து விற்ற காலத்தில் விட்ட தெருக்களில் இருபதடித் தெரு ஏராளம். ஒரு கார் ஏறத்தாழ ஆறடி அகலம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பன்னிரண்டு அடி போயிற்று. மீதி எட்டடி. தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறத்தாழ எட்டடி! நள்ளிரவில் ஒரு வீட்டில் தீப்பற்றினால், ஒரு முதியவருக்கு மார்வலி வந்தால், வந்த வண்டி தெருமுனையில் நின்று ஒலி எழுப்பும். காரின் சொந்தக்காரர் எழுந்து, விளக்கைப் போட்டு, சாவியைத் தேடி எடுத்து வரும்வரை தீ காத்திருக்குமா? மார்வலி காத்திருக்குமா?

இன்னொரு கணக்கு. ஒரு கார் நிற்க நகரமைப்பு விதிகள் குறிக்கும் இடம், இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஏறத்தாழ 135 சதுர அடி. அவ்வளவு இடத்தில் ஒண்டுக் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் சென்னையில் இல்லையா? அந்தக் குடும்பம் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறது. கார் கொடுக்கிறதா? ஒரு காசு கொடுப்பதில்லை! அதற்கு வேண்டிய நிலத்தை விட்டுக் கொடுப்பது யார்? நடந்து போகும் தாய், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, தள்ளுவண்டியில் காய்கறி கொண்டு வருபவர். கார் இல்லாதவர், கார் உள்ளவருக்குத் தரும் மானியம் இது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005 இல் ஒரு பெரிய நூலே எழுதி இதைத்தான் விளக்கினார்: இலவச நிறுத்தம் என்று ஒன்று கிடையாது, அதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று.

அண்ணனூருக்கு அடுத்த நிலையம் ஆவடி. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. பக்கத்து ஊர்த் தெருவிலே நாம் காண்பது என்ன பாணி? நிலம் பொது; அனுபவம் தனி! தங்கள் வாசலில் பிறர் வண்டி நிற்காதபடி பூந்தொட்டி வைக்கிறார்கள், கல் நடுகிறார்கள், சங்கிலி கட்டுகிறார்கள். பட்டா இல்லாத ஜமீன்தாரி முறை இது!

தெருவில் நடக்கும் உரிமை தமிழனுக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. 1924 இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே மக்கள் போராடினார்கள். பெரியார் சிறை சென்றார். அதே இருபதுகளில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் நின்று, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். சாதியின் பெயரால் மறிக்கப்பட்ட தெரு அது. அந்தக் கொடுமையையும் இந்தத் தொல்லையையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் அந்தப் போராட்டம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: தெரு, வலுத்தவன் சொத்தல்ல, நடப்பவர் அத்தனை பேரின் சொத்து.

"அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை கார் வாங்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாங்கட்டும்! செருப்பில்லாமல் நடந்த பாட்டனின் பேரன் கார் ஓட்டுகிறான் என்றால், அதைக் கண்டு நெஞ்சு நிமிராதவன் தமிழனல்ல. கடன் வாங்கிக் கார் எடுத்து, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் இளைஞனுக்கு அது வாகனமல்ல, உழவனுக்கு ஏர் போல. அவனை விரட்டச் சொல்லவில்லை. அவனுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள் என்கிறோம். ஆனால் வீட்டு வரைபடத்தில் கார் நிறுத்தும் இடம் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, கட்டி முடித்ததும் அந்த இடத்தைக் கடையாக்கி வாடகைக்கு விட்டு, காரைத் தெருவில் தள்ளுகிறாரே, அந்தக் கனவானைப் பற்றி என்ன சொல்வது? வாடகை அவருக்கு, நெரிசல் ஊருக்கு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122 ஆம் பிரிவு, பிறருக்கு இடையூறாகப் பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 2006 ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, நகர நிலத்தின் மதிப்புக்கேற்ப நிறுத்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்கிறது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1962 இலேயே சட்டம் செய்து, நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் காரைப் பதிவு செய்யலாம் என்றது. இரவெல்லாம் தெருவில் நிறுத்தினால் குற்றம் என்றது. அதனால் ஜப்பானியர் கார் வாங்காமலா இருந்தார்கள்? உலகத்துக்கே கார் செய்து விற்றார்கள்!

ஆகவே குறை சட்டத்தில் மட்டும் இல்லை. கூடிப் பேச இடம் இல்லாததிலும் இருந்தது. 2011 க்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2019 இல் மாநகராட்சியான ஆவடி, தன் முதல் மாமன்றத்தைக் காண மூன்றாண்டு காத்திருந்தது. அந்த ஆவடி மாநகராட்சியில்தான் அண்ணனூரும் இருக்கிறது. அதே 2022 இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. நவம்பர் 1 இல் பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை போல, தெருக்களுக்கு ஒரு சபை! தேநீர்க் கடையில் பேசுவதை நாற்காலி போட்டுப் பேசி, தீர்மானமாக எழுதும் இடம் அது.

அங்கே என்ன கேட்பது? தெருவை அளந்து பலகை வையுங்கள் என்று கேளுங்கள். குறுகிய தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தம், முனையில் நிறுத்தமே கூடாது என்று கேளுங்கள். வரைபடத்தில் காட்டிய இடத்தைக் காருக்கே திருப்பிவிட ஆணையிடக் கேளுங்கள். காலி நிலம் இருந்தால் இரவு நிறுத்தத்துக்குக் குறைந்த கட்டணத்தில் விட்டு, அந்தப் பணத்தை அதே தெருவின் விளக்குக்கும் நடைபாதைக்கும் செலவிடக் கேளுங்கள். முக்கியமாக, கார் உள்ளவர் மட்டும் பேசிக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். வாடகை வீட்டுக்காரர் பேச வேண்டும். கோலம் போட இடமில்லாத தாய்மார் பேச வேண்டும். மூன்று சக்கர வண்டியில் போகும் மாற்றுத்திறனாளி பேச வேண்டும்.

நாளை இன்னும் நெருக்கடி வரும். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ ரயில் என்று 2025 இல் மாநில அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. ரயில் வந்தால் நிலவிலை ஏறும், மாடி ஏறும், கார் ஏறும். தெரு மட்டும் ஏறாது! இருபதடி, இருபதடியாகவே இருக்கும். பேச வேண்டிய நேரம் இது.

பெயரிலேயே அண்ணனை வைத்திருக்கும் ஊர் அண்ணனூர். பெரிய வண்டி வைத்திருப்பவர் அண்ணனாகவே இருக்கட்டும். நடந்து வரும் தம்பிக்கு வழி விடுவதுதானே அண்ணனுக்கு அழகு?