தூங்கும் தொடை

தேனியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஜவ்வு கிழிந்து, மாற்று நார் வைத்தார்களாம். 'எனக்கு அப்புறம் ஆபரேஷன் செய்துகொண்ட நண்பன் ஓட ஆரம்பித்துவிட்டான். வலியே இல்லாத என்னை மட்டும் இன்னும் நடக்கத்தான் சொல்கிறார்கள். ஏன்?' என்று கேட்கிறார்.

இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே ஆபரேஷனாக இருக்காது. அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட்டுக்கு 1984 ஏப்ரல் 25 அன்று முழங்காலில் துளைபோட்டு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பதினேழே நாளில், மே 12 அன்று, ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் முதலாவதாக வந்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கமும் வாங்கினார். மனஉறுதிக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். உறுதி இருந்தது உண்மைதான். ஆனால் அவர் மூட்டிலிருந்து எடுத்தது உரசிக்கொண்டிருந்த சவ்வு மடிப்பு ஒன்றை. எடுத்ததோடு வேலை முடிந்தது; உள்ளே புதிதாக ஒட்டிப் பிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. நம் வாசகருக்கு எலும்பில் துளையிட்டு நாரைப் பொருத்தியிருக்கிறார்கள். அது எலும்போடு பிடிக்க வேண்டும், ரத்த ஓட்டம் வர வேண்டும்.

இதெல்லாம் டாக்டர்களே விளக்கிவிடுவார்கள். அவ்வளவாக யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. என்னை இந்த மூட்டு விவகாரத்தில் இழுத்துப் போட்டதே அதுதான்.

ஒரு பிசியோதெரபி அறையில் பார்த்தேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார் ஒரு இளைஞர். கபடி ஆடுகிறவர், திடகாத்திரமான உடம்பு. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. 'துண்டை அழுத்துங்க தம்பி' என்றார் பிசியோதெரபிஸ்ட். தம்பி பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. தொடை அசையவில்லை. முழங்கால் சில்லு ஒரு நூல்கூட மேலே ஏறவில்லை. பிறகு தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். அதே தசை துள்ளிக் குதித்தது. தசையில் பழுதில்லை, மேலிருந்து போன உத்தரவு அதற்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

காரணம், மூட்டுக்குள் கோத்திருந்த நீர். நல்ல முழங்காலுக்குள் இருக்கும் திரவம் ஒரு டீஸ்பூன்கூட வராது. அது கூடி மூட்டுறை விரிந்தால், உறையில் இருக்கும் நரம்புகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். தண்டுவடம் மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது; முன்தொடைத் தசைக்குப் போகிற ஆணையைத் தானே தணித்துவிடும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தக் கோளாறும் இல்லாத முழங்கால்களுக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லி போனதுமே உள்பக்கத் தொடைத் தசை மந்தமானது. 50, 60 மில்லியில் மற்றவையும் அடங்கின. அடிபடாத, அறுபடாத கால்களிலேயே இந்தக் கதி.

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஏறினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஆபத்து வராமல் இருக்க அது சரிதான். தண்ணீர் வடிந்த பிறகும் யாராவது வந்து போட்டால்தான் கரண்டு வரும். தொடைக்கும் இதே நிலைமை. வீக்கம் வடிந்தாலும் தசை தானாக முழுசாக விழித்துக்கொள்வதில்லை. தினமும் துண்டை அழுத்தியும் காலைத் தூக்கியும் அதை எழுப்ப வேண்டும்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதை வாங்கித் தணிப்பதில் பெரும்பங்கு முன்தொடைக்குத்தான். தூங்கும் தொடையோடு ஓடுகிறவர் காலை விறைப்பாக ஊன்றுவார், சுமை மூட்டில் விழும். இன்னொரு விபரீதமும் இருக்கிறது. வைத்த நார் முதல் சில மாதங்களில் பலம் இழந்து, பிறகே மெதுவாகத் தேறுகிறது. வலி போய், 'சரியாகிவிட்டது' என்று தோன்றுவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆபரேஷன் என்றால் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவோம், சொந்தபந்தமெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நிற்கும். பிசியோதெரபிக்கு மூன்றாவது வாரமே பஸ் செலவு கணக்குப் பார்ப்போம். 'சும்மா காலைத் தூக்கிப் போடுவதற்கா இவ்வளவு காசு?' பாதியில் நின்றுபோன அந்தப் பயிற்சிக்குப் பதிலாக மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. வலியை அமுக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கும் பையன்களைப் பார்த்துக் கைதட்டுகிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டம் தொடங்க நாள்காட்டி மட்டும் போதாது. நார் மாற்றியவர்களை மூன்று, நான்கு மாதத்தில்தான் பொதுவாக ஓட அனுமதிக்கிறார்கள். அதற்கும் கால் முழுசாக நீள வேண்டும், வீக்கம் இருக்கக் கூடாது, தொடையின் பலம் மறுகாலின் பலத்தில் குறைந்தது 70 சதவீதமாவது இருக்க வேண்டும். இது நேர்கோட்டு ஓட்டத்துக்கு. வெட்டித் திரும்புகிற கபடி, கால்பந்து வேறு கணக்கு. 2016இல் வெளியான நார்வே ஆய்வில், இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

டாக்டர் சரி என்றதும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடிய மறுநாள் காலை, பல் தேய்க்கும் முன்னால் காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தொடை நோக்கி இரண்டு முறை தடவி விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை தடவுங்கள். உள்பக்கக் குழியில் சின்ன மேடாக ஏதாவது எழும்பி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. வலி இருக்கிறதோ இல்லையோ, அது வடியும்வரை ஓட்டம் வேண்டாம். திரும்பத் தொடங்கும்போது, நீர் கோக்காமல் ஓடிய முந்தின அளவிலிருந்து தொடங்குங்கள். சில நாளில் வடியவில்லை என்றால் போய்க் காட்டிவிடுங்கள்.