சயாமியப் பூனைக்குக் காது கறுத்தது எப்படி?

சயாமியப் பூனையின் குட்டிகள் ஏறக்குறைய பால் வெள்ளையாகத்தான் பிறக்கும். சில நாட்கள் கழித்துக் காது ஓரத்தில் புகை படிந்ததுபோல ஒரு சாம்பல் நிறம் தெரியும். பிறகு மூக்கு, பாதம், வால் என்று ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வரும்.

உடல் சூடு செய்கிற வேலை இது. முடிக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணு இந்தப் பூனைகளில் மாறிப்போயிருக்கிறது. அதனால் சூடான உடம்புப் பகுதியில் நொதி சரியாக இயங்காது; சூடு குறைந்த காது, முகம், கால், வால் ஆகியவற்றில் மட்டும் இயங்கும். தாய் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு என்பதால் குட்டி வெள்ளையாக வருகிறது. கருத்தடை அறுவை சிகிச்சைக்காக முடியை மழித்தால், அந்த இடத்தில் புது முடி கறுப்பாக முளைப்பதுண்டு. வளர்ப்பவர்கள் பயந்துபோவார்கள்; ஆனால் அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறம் வந்துவிடும். வெப்பமான ஊரில் வளரும் பூனை சற்று வெளிறியும், குளிரான ஊரில் வளர்வது கறுத்தும் இருக்கும். நீலக் கண்ணும் அதே மரபணு தந்ததுதான்.

முன்பு சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் மக்கள் இந்தப் பூனையை எப்போதோ அடையாளம் கண்டு போற்றிவிட்டார்கள். ‘தம்ரா மேவ்’ என்ற பழைய மடிப்பேடுகளில், வீட்டுக்கு நன்மை தரும் பூனைகளைப் பற்றிச் செய்யுளும் ஓவியமும் இருக்கின்றன. உடல் வெளுத்து ஓரங்கள் கறுத்த பூனை அவற்றில் ஒன்று.

மேலைநாட்டார் கண்ணில் அது பட்டது மிகவும் பின்னால்தான். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்பவர் நடத்திய பூனைக் கண்காட்சியில் சயாமியப் பூனைகள் இடம்பெற்றன. 1878-இல் பாங்காக்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி டேவிட் சிக்கெல்ஸ், அதிபர் ஹேயஸின் மனைவி லூசிக்கு ஒரு பூனையைக் கப்பலேற்றி அனுப்பினார்.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம் தருகிறது. அன்று வந்த பூனைகளுக்கு உருண்டைத் தலை, திடமான உடம்பு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கண்காட்சி நடுவர்கள் ஒல்லியான உடலுக்கும் முக்கோண முகத்துக்கும் பரிசு தரத் தொடங்கினார்கள். வளர்ப்பவர்களும் அப்படிப்பட்ட பூனைகளையே திரும்பத் திரும்ப இணைசேர்த்து, பழைய உருவமே தெரியாதபடி நீட்டிவிட்டார்கள். பெர்சியன் பூனைக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. முகத்தைத் தட்டையாக்கித் தட்டையாக்கி, மூச்சுவிடத் திணறுகிற, ஓயாமல் கண்ணீர் வடிக்கிற உயிராக அதை மாற்றிவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்தச் சப்பை மூக்குக்குத்தான் விலை கூடுதல். இதை அழகு என்று சொல்ல என்னால் முடியாது.

நல்லவேளை, சயாமியப் பூனையின் பழைய வடிவம் அழியவில்லை. தாய்லாந்தில் அது இன்றும் இருக்கிறது. ‘தாய்’ (Thai) என்ற பெயரில் தனி இனமாகவும் பதிவாகியிருக்கிறது.

சயாமியக் குட்டி வாங்க நினைப்பவர்கள் அதை ஈன்ற பூனையை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விழித்திரை மெல்லச் சிதைந்து பார்வை போகும் பரம்பரை நோய் ஒன்று சயாமிய இனத்தில் உண்டு. அதற்கான மரபணுப் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். 12 வாரமாவது ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.